ஆள்காட்டிக்கு என்ன பங்கு

ஜீப் இன்னும் வரவில்லை. பெட்டைக் குருவி முட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. வாயைத் திறக்கிற நேரத்தில் தானாக வந்துவிடும் என்று விடிந்ததிலிருந்து இந்த உடைமரத்து நிழலில் உட்கார்ந்திருக்கிறேன், நிழல் என்று சொல்லக்கூடாது, உடைமரத்துக்கு ஏது நிழல், வெயிலைச் சலித்து மேலே கொட்டுகிறது. ஆனால் இங்கே இருந்து பார்த்தால்தான் ஒற்றைப் பனையும் அதற்கு முன்னால் நிற்கிற எருக்கஞ்செடியும் ஒரே கோட்டில் வரும். அந்தக் கோட்டிலேயே கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தால் எருக்குக்கு இந்தப் பக்கம், சரளைக்கல்லோடு சரளைக்கல்லாகக் குருவி. கோடு கொஞ்சம் தப்பினால் ஒன்றுமில்லை, வெறும் பொட்டல். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டுவைக்கவா என்று போனில் கேட்டேன். வேண்டாம் அண்ணாச்சி, குச்சி நட்டால் காக்கா வந்து அதில் உட்காரும், உட்கார்ந்தால் முட்டையைப் பார்த்துவிடும் என்றாள் மருந்துக்கடைப் பியூலா. அதனால் குச்சி இல்லை. கூடு என்று ஒன்றும் இல்லை, இந்தக் குருவி கூடு கட்டாது, தரையில் ஒரு சின்னக் குழி, சுற்றிக் கொஞ்சம் பொடிக்கல், ஆட்டுப்புழுக்கை, அவ்வளவுதான் அதன் வீடு. ஆக, இங்கே ஒரு குருவி முட்டையிட்டிருக்கிறது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான். நான் காட்டினால் இருக்கிறது, காட்டாவிட்டால் இல்லை. கலெக்டர் ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் பொட்டலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, தரிசு என்று எழுதிக்கொண்டு, சோலார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கண்மாய்க்கரை வரைக்கும் கண்ணாடித் தகடு பதித்துவிடுவார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தால் போதும் என்று சுயம்பும் சொன்னான். அண்ணன் மகன். அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்பா எனக்கு வைத்த பேர் அதற்கு நேர் எதிர். ஆள்காட்டி. இந்தக் குருவிக்கும் அதுதான் பேர், மனுசன் தலை தெரிந்தால் கத்திக் கத்தி ஊருக்குச் சொல்லிவிடும், முயல் பிடிக்கப் போகிறவனும் கள்ளத்தனமாக மரம் வெட்டப் போகிறவனும் இதைத் திட்டாத நாள் கிடையாது. குருவி அதை வாங்கிக்கொண்டு அதுபாட்டுக்குத் திரிகிறது. என்னால் முடியவில்லை. அண்ணனுடைய டிராக்டரை ஆற்றுமணலோடு பாலத்தில் வைத்துப் பிடித்தார்கள், அண்ணனை லாக்கப்பில் வைத்தார்கள், அதே நாளில் நான் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்றதை ஊர்க்காரன் ஒருத்தன் பார்த்திருக்கிறான், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நின்றேன், இல்லை என்று எப்போது சொன்னேன். அம்மா செத்துப்போனாள், ரேஷன் கார்டில் அவள் பேரை எடுக்கச் சொல்லி என் பெண்டாட்டி பிரமசக்தி நச்சரித்தாள், அதற்குப் போய் நின்றேன். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. அந்த வருசம் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமிக்குப் படைத்த படப்புச்சோறு பங்கு வைக்கிறார்கள், சோறும் கறியும் அள்ளிப் போடுகிற இடத்தில் அண்ணன் நிற்கிறார், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒருத்தன் ஓலைப்பெட்டியோடு வரிசையில் நிற்கிறான், நானும் நிற்கிறேன், என் முறை வந்தது, பெட்டியை நீட்டினேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஆள்காட்டிக்கு என்னலே பங்கு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் நின்றவன் சிரித்தான், அவனுக்குப் பின்னால் நின்றவன் என்னவென்று கேட்டான், அவனுக்குச் சொன்னார்கள், அவனும் சிரித்தான், அப்படியே வரிசை கடைசி வரைக்கும் போனது. யார் யார் சிரித்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். பாதிப் பேர் செத்துப்போனார்கள். செத்தவன் வீட்டு வாசல் எதையும் நான் மிதிக்கவில்லை. வெறும் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன், பிரமசக்தி பெட்டிக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கும் பேர் வந்துவிட்டது. ஆள்காட்டி பெண்டாட்டி.

ஆண் குருவி எங்கே. கொஞ்ச நேரம் முன்னால் அந்தப் பக்கம் நின்றது. நாய் எதுவும் வந்ததா என்று எழுந்து பார்த்தேன், எழுந்த வேகத்தில் கண் இருட்டியது, மரத்தைப் பிடித்தால் முள். காலை மாத்திரை போடவில்லை. போட்டேனா. போட்டேன், தண்ணீர் குடித்த ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது நேற்றாகவும் இருக்கலாம். இந்த மாத்திரையால்தான் எல்லாம் வந்தது. பிரமசக்தி போனபிறகு பிரஷர் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள், டவுனில் பியூலாவின் மருந்துக்கடையில் வாங்குவேன். அவள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து கழுத்தில் தூரக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள், அவளைப் போல இன்னும் சில பேர், ஒரு பாங்கு ஆள், ஒரு எலக்ட்ரீசியன், ஒரு கல்லூரிப் பிள்ளை. சம்பளம் கிடையாது, யாரும் அனுப்பவும் இல்லை. எந்தக் கண்மாயில் எந்தக் குருவி எத்தனை என்று பார்த்து போனில் பதிகிறார்கள். எனக்கு ஒருநாள் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே, உங்க ஊர்ப் பொட்டலில் மஞ்சள் மூக்கு ஆள்காட்டி இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. யாரோ சொல்லிக்கொடுத்துக் கேலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து, மாத்திரையை மேசையிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள் அடுத்த நாள் ஸ்கூட்டரில் மாத்திரையைக் கொண்டுவந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. குருவியைத்தான் கேட்டிருக்கிறாள்.

அப்புறம் பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு எழுத வராது, மூன்றாவதோடு நின்றுவிட்டேன், போனில் பொத்தானை அமுக்கிப் பேசி அனுப்புவேன், அவள் பதிந்துகொள்வாள். காலையில் கல்கவுதாரி தண்ணீர் குடிக்க வந்தது, நரி ஒன்று குறுக்கே போனது, நரியைச் சொல்லவேண்டாம் அண்ணாச்சி, குருவி மட்டும் என்பாள். டீக்கடையில் ஞானதிரவியம் கேட்பான், அண்ணாச்சி எங்க வீட்டுக் கோழி ஒண்ணு காணோம், உங்க கணக்குல வந்திருக்கா பாருங்க. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒருநாள் பியூலா போனில் ஒரு படம் காட்டினாள், பச்சையும் மண்ணுமாக நம்ம ஜில்லா, அதில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியைத் தொட்டால் எழுத்து வந்தது. என்ன போட்டிருக்கிறது என்றேன். பார்த்தவர் பலவேசம் என்று போட்டிருக்கிறது என்றாள். நான் என் பேர் இருக்கிற அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ இருக்கிறவன், என் மூஞ்சியைக் கண்டிராதவன், பலவேசம் பார்த்தான் என்றால் பார்த்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறான். சும்மா எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஒருதரம் நான் சொன்ன ஒரு குருவியைப் பற்றிச் சந்தேகம் வந்து, வால் எப்படி இருந்தது, எந்த நேரம், வெயில் எந்தப் பக்கம், பறக்கும்போது கத்தியதா என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, என்னை நம்பவில்லையா என்றேன். பியூலா, "எல்லாரையும் கேப்பாங்க அண்ணாச்சி, என்னையும் கேப்பாங்க. கேட்டாத்தானே நம்ப முடியும்" என்றாள். கேட்டால்தான் நம்ப முடியும். அண்ணன் கேட்கவே இல்லையே. ஒரு வார்த்தை, எதுக்குலே தாலுகா ஆபீஸ் போனே என்று ஒரு வார்த்தை. கூடப் பிறந்தவன் கேட்காததை எவனோ வாலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கேட்கிறான்.

பெட்டை எழுந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, கண்மாய்க்குப் போகிறது. தாழ்வாகப் பறந்து போய்த் தண்ணீர் விளிம்பில் இறங்கும், வயிற்றை நனைத்துக்கொள்ளும், நனைந்த வயிற்றோடு திரும்பி வந்து முட்டைமேல் உட்காரும். வெயில் ஏற ஏற இதே வேலை. மற்ற குருவியெல்லாம் முட்டையைச் சூடாக்கப் படுக்கிறது, இது இந்த ஊரில் முட்டை போட்ட பாவத்துக்குக் குளிரவைக்க வேண்டியிருக்கிறது. பிரமசக்தி கடைசியில் காய்ச்சலாகக் கிடந்தபோது துண்டை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டேன். துண்டு போட்ட வேகத்தில் காய்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டே, உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்க என்றாள். எதுக்கு என்றேன். எனக்கு ஒண்ணுன்னா நீங்க ஒத்தையில நிப்பீகளே என்றாள். நான் சொல்லி அனுப்பவில்லை. அவள் போன அன்றைக்கு எப்படியோ தெரிந்து அண்ணன் வந்தார். வந்தவர் வாசலுக்கு வரவில்லை, ரோட்டில் புளியமரத்தடியில் நின்றார், தோளில் துண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பாடையோடு சேர்ந்து நடக்கவில்லை, கொஞ்சம் தள்ளிக் கடைசியில் வந்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே வந்திருக்கலாம். நானும் வாங்க என்று சொல்லியிருக்கலாம். இல்லை, நான் ஏன் சொல்ல வேண்டும், பேர் வைத்தது யார், அவர்தான் எடுக்க வேண்டும். வைத்த இடத்தில், அத்தனை பேர் நடுவில், இவன் சொல்லவில்லை என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவு வருசம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. செய்தி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டார் என்று. தரவேண்டியதைத் தராமல் வாயைப் பூட்டிக்கொண்டார் என்று.

எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் வந்தது. சோற்றில் கை வைத்தவர் கையை எடுக்கவில்லை. அதே ரத்தம் அண்ணனுக்கு, அதே ரத்தம் எனக்கு. இப்போது இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, முழங்கையை ஊன்றி உட்கார்ந்ததால் இருக்கும், விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்குகிறது. வாயைத் திறந்து என் பேரைச் சொல்லிப் பார்த்தேன். பலவேசம். சரியாகத்தான் வருகிறது. ஜீப் வந்து அதிகாரி கேட்கிற நேரத்தில் வராமல் போனால். நாக்கு ஒட்டிக்கொண்டால். அப்படிப் போனால் நல்லதுதான், நான் சொல்லவில்லை என்றும் ஆகாது, சொன்னேன் என்றும் ஆகாது. சீ, என்ன நினைப்பு இது.

முந்தாநாள் சாயங்காலம் சுயம்பு வீட்டுக்கு வந்தான். அவன் சின்னப் பையனாக இருந்தபோது வந்தது, அதற்குப் பிறகு இப்போதுதான் என் வாசலை மிதிக்கிறான். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான், தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். மூக்கும் முழியும் அப்படியே அண்ணன்தான். கம்பெனிக்காரர்கள் எங்கள் பட்டா நிலத்தையும் ஊர்ப் பொட்டலையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள், பொட்டல் இல்லாமல் எங்கள் நிலம் மட்டும் அவர்களுக்கு வேண்டாம் என்று விளக்கமாகச் சொன்னான். எனக்கு விளங்கியது. மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, உளுந்து போட்டால் மயில் தின்கிறது, உங்க குருவியிலே அதுவும் சேத்திதானே சித்தப்பா என்று குத்தினான். அப்புறம்தான் அதைச் சொன்னான். மதுரையில் பேச்சுக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார், மாசக்கணக்கில் அங்கேயே தங்கிப் பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்பிவரும் என்கிறார்கள், நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, நிலம் விலைபோனால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவேன், இல்லாவிட்டால் இப்படியே கிடந்து போகவேண்டியதுதான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க யாருக்கும் ஒண்ணும் செய்ய வேண்டாம் சித்தப்பா. பாத்தேன்னு சொல்லாம சும்மா இருந்தாப் போதும்" என்றான். அதற்குப் பிறகு ஒன்று சொன்னான் பாருங்கள். அப்பாவுக்குப் பேச்சு வந்தா உங்ககிட்டதான் மொதல்ல பேசுவாவ.

அது அவனாகச் சொன்னதா, அவனுக்குத் தெரியுமா நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று. தெரிந்துதான் சொல்லியிருப்பான். அல்லது தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பான். எப்படியானால் என்ன, தூண்டில் என் தொண்டையில் மாட்டிக்கொண்டது. அண்ணன் மதுரையிலிருந்து வருகிறார். கொடை நடக்கிறது. அண்ணன் அள்ளிப்போடுகிற இடத்தில் நிற்கிறார், நான் ஓலைப்பெட்டியோடு நிற்கிறேன். ராத்திரியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அண்ணன் வாயைத் திறக்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. பொட்டல் போனால் என்ன. குருவி வேறே பொட்டலுக்குப் போகும். போகுமா. பியூலாவைக் கேட்டேன், வேறே ஆளுக்காகக் கேட்கிற மாதிரி, இது போனால் இந்தக் குருவி எங்கே போகும் என்று. சுற்றி இருந்த பொட்டலெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது அண்ணாச்சி, எங்கேயும் போகாது, இல்லாமல் போய்விடும் என்றாள். போன வருசங்களில் பதிந்ததையெல்லாம் கலெக்டர் ஆபீஸில் காட்டியாயிற்றாம், குருவி வரும் போகும், தரிசு தரிசுதான் என்று சொல்லிவிட்டார்களாம், போட்டோவைக் காட்டினால் எங்கே எடுத்ததோ என்கிறார்களாம். முட்டை வேண்டுமாம். முட்டையை உள்ளூர் ஆள் ஒருத்தன் காட்டவேண்டுமாம். நீங்க இருக்கீங்க அண்ணாச்சி என்றாள். அவள் கேள்வியே கேட்கவில்லை. நான் காட்டுவேனா மாட்டேனா என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஆட்டோ சத்தம். ஜீப் இல்லை, ஆட்டோதான். பொட்டலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நிலத்தின் விளிம்பில் இருக்கிற வேப்பமரத்தடியில் நிற்கிறது. சுயம்பு இறங்குகிறான், அவன் பெண்டாட்டி செல்வகனி இறங்குகிறாள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள், பிறகு இரண்டு பேருமாக ஒரு மூட்டையை இறக்குகிற மாதிரி அண்ணனை இறக்குகிறார்கள். பட்டா அவர் பேரில் இருக்கிறது, அதற்காகக் கொண்டுவந்திருப்பார்கள். அல்லது அதிகாரி பார்த்து மனசு இளகட்டும் என்று. அல்லது நான் பார்க்கட்டும் என்று. தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, செல்வகனி நிமிர்த்திவிடுகிறாள், மறுபடியும் சாய்கிறது. இவரா. டிராக்டர் ஸ்டியரிங்கில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவார். சந்தையில் ஒருத்தன் என் சட்டையைப் பிடித்தான் என்பதற்காக அவனை மாட்டுச்சந்தை முழுக்கத் துரத்தித் துரத்தி அடித்தார், வீட்டுக்கு வந்ததும் நீ ஏம்லே அவன் வம்புக்குப் போனே என்று எனக்கும் இரண்டு விழுந்தது. என்னை அடித்தால் அவர் அடிப்பார், வேறு யாரும் தொடமுடியாது. அப்படி இருந்தவர் வரிசை முழுக்கச் சிரிக்க விட்டார். அதுதான் ஆறவில்லை. வேறு எவன் சொல்லியிருந்தாலும் அவர் போய் அடித்திருப்பார், எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே பார்க்கிறாரா. பார்த்தால் தெரியுமா நான் என்று. நான் பார்வையைத் திருப்பி எருக்கஞ்செடியைப் பார்த்தேன். பெட்டை வந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டது.

ஜீப்பும் வந்துவிட்டது, பின்னால் கம்பெனியின் வெள்ளைக் கார், அதற்குப் பின்னால் பியூலாவின் ஸ்கூட்டர். குருவி சத்தம் போட ஆரம்பித்தது. நான் எழுந்தேன், இந்தத் தடவை மெதுவாக. அதிகாரி சின்ன வயசுதான், தொப்பி போட்டிருந்தார், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொட்டலை ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வையிலேயே தரிசு என்று எழுதியாயிற்று. சுயம்பு வேகமாக நடந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டான். இங்கே ஒண்ணும் கிடையாது சார், ஆடுகூட மேயாது என்றான். கம்பெனி ஆள் தலையை ஆட்டினார். பியூலா என்னைக் காட்டி, இவங்கதான் சார், தினமும் பார்க்கிறவங்க என்றாள். அதிகாரி என் பக்கம் திரும்பினார். உங்க பேர் என்ன என்றார். சொன்னேன். நாக்கு ஒட்டவில்லை. இவர் என் சித்தப்பாதான் சார் என்று சுயம்பு சிரித்தான், சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தான், கண் சிரிக்கவில்லை, கெஞ்சியது. அதிகாரி, "நீங்க நேர்ல முட்டையைப் பாத்தீங்களா" என்று கேட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு நாளாக, எப்படி அடையாளம் தெரியும், வேறே குருவியாக இருக்கக்கூடாதா என்று அடுக்கினார். எல்லாவற்றையும் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

அந்த நேரத்தில் நான் மதுரையை நினைக்கவில்லை, கொடையை நினைக்கவில்லை. பார்க்கவில்லை என்ற சொல் வாய்க்குள் வந்து நின்றது உண்மை, சின்னச் சொல்தான், துப்பினால் போய்விடும். ஆனால் அந்தப் புள்ளியில் என் பேர் இருக்கிறது. பார்த்தவர் பலவேசம். இதைத் துப்பினால் அத்தனையும் பொய். கவுதாரியும் பொய், வால் பொய், வெயில் பொய். இந்த உலகத்தில் என் சொல் செல்லுகிற ஒரே இடமும் போய்விடும், அதற்குப் பிறகு அண்ணன் வாய் திறந்து இவன் பொய் சொல்லாதவன் என்று சொன்னால்தான் என்ன, யாருக்கு அது. பாத்தேன் சார் என்றேன். வாங்க காட்டுதேன் என்றேன். அதிகாரியை உடைமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, குத்தவைக்கச் சொல்லி, பனையைக் காட்டி, எருக்கைக் காட்டி, கண்ணைக் கீழே இறக்கச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. பியூலா தூரக்கண்ணாடியைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அட, என்றார். அப்புறம் பெட்டை தண்ணீருக்குப் பறக்கும்வரை காத்திருந்து, நான் முன்னால் நடக்க, அவர் என் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார். குழிக்குள் முட்டைகள் கூர்முனையெல்லாம் நடுவில் வைத்துப் படுத்திருந்தன. இதை நான் மிதிச்சிருப்பேனே என்றார் அதிகாரி. பியூலா படம் எடுத்தாள். குஞ்சு பொரித்து அவை நடந்து போகிறவரை யாரும் இங்கே வண்டி இறக்கக்கூடாது, மழைக்குப் பிறகு முழுதாகக் கணக்கெடுத்துத்தான் மேற்கொண்டு எதுவும் என்று ஜீப்பில் சாய்ந்து எழுதினார். கம்பெனி ஆள், அப்படியென்றால் நாங்கள் வேறே இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று காரின் கதவைச் சாத்தினார். பியூலாவின் கண் கலங்கியிருந்தது. என் கையைப் பிடிக்க வந்தாள், நான் கையைக் கொடுக்கவில்லை.

சுயம்பு என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் வந்து நின்று, தணிந்த குரலில், "எங்கப்பா அன்னைக்கே சொன்னாவ. ஆள்காட்டின்னு" என்றான். ஆமா என்றேன். அவன் அதிகாரியிடம் ஓடினான், சார் எங்க பட்டா நிலத்துக்கு மட்டுமாவது என்று ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தான், செல்வகனியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னால் போனாள். ஆமா என்று சொன்ன வாய் எனக்குக் கசந்தது. இவ்வளவு வருசமும் அந்தப் பேர் பொய்யாக இருந்தது, பொய்யாக இருந்ததால்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், எனக்கு வரவேண்டியது ஒன்று வெளியில் நிற்கிறது என்று. இன்றைக்கு நானே அதை மெய்யாக்கிவிட்டேன். இனிமேல் எடு என்று யாரைக் கேட்பது. மார்பில் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது, பாரம் இறங்கின மாதிரி இல்லை, வீட்டில் ஒரு தூண் இல்லாத மாதிரி.

வேப்பமரத்து நிழல் நகர்ந்துவிட்டிருந்தது. அண்ணன் முழு வெயிலில் இருந்தார். யாரும் கவனிக்கவில்லை. தலை சாய்ந்து, ஒரு கண் பாதி மூடி, வாயோரம் எச்சில், வேட்டி மடியில் ஈரம். நான் நடந்தேன். அவர் நிலத்தின் வரப்பைத் தாண்டியது எப்போது என்று தெரியவில்லை, தாண்டியிருந்தேன். நாற்காலியோடு இழுக்கப் பார்த்தேன், கால் மண்ணில் பதிந்திருந்தது, அவர் அக்குளில் கையைக் கொடுத்துத்தான் அசைக்க முடிந்தது. கனத்தார். பழைய புகையிலை வாசனை, அதே வாசனை. நிழலுக்குள் கொண்டுவந்து, என் துண்டால் வாயைத் துடைத்தேன். கண் என்மேல் இருந்தது. என்னைத்தான் பார்த்ததா, எனக்குப் பின்னால் இருந்த வெயிலைப் பார்த்ததா, சொல்லமுடியாது. குனிந்தேன்.

"அண்ணே. இன்னைக்குச் சொன்னது நான்தான். அன்னைக்குச் சொன்னது நான் இல்ல."

அண்ணன் வாய் கோணிக்கொண்டு திறந்தது. தொண்டையில் எதுவோ உருண்டது. "சரி" என்றார்.

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். சரி என்றார். தெளிவாகச் சொன்னார், சரி என்று. எதற்குச் சரி, முதலில் சொன்னதற்கா, பின்னால் சொன்னதற்கா. கேட்டுவிட்டார், கடைசியில் கேட்டுவிட்டார் என்று நினைத்தபோது செல்வகனி ஓடிவந்தாள், ஐயோ நனைச்சிட்டாவளே என்று வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அழுகிறீகளா சின்ன மாமா என்றாள். அண்ணன் மறுபடியும் சரி என்றார். அவள் வேட்டியைச் சரிசெய்துகொண்டே, கோபமில்லாமல், அலுத்துப்போன குரலில் சொன்னாள்.

"மாமாவுக்கு அந்த ஒரு சொல்லுதான் வருது. பசிச்சாலும் அதான், ஒண்ணுக்கு வந்தாலும் அதான், வலிச்சாலும் அதான். ஒரு மாசமா இப்படித்தான்."

மாற்று வேட்டி ஆட்டோவில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன், கொஞ்சம் பிடிச்சுக்கிடுங்க, சாய்ஞ்சிருவாவ என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எழுந்து பின்னால் நின்று அண்ணனுடைய இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். எலும்பாக இருந்தது. ஜீப் பக்கம் சுயம்புவின் குரல் கேட்டது, பியூலா ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். செல்வகனி ஆட்டோவுக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள், வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். நான் அண்ணன் காதுப்பக்கம் வாயை வைத்து, அன்னைக்குச் சொன்னது நான் இல்ல அண்ணே என்று இன்னொரு தடவை சொன்னேன்.